விருத்தாசலமெல்லாம் முன்னாடி வாங்க

திட்டக்குடி பேருந்து நிலையம். "விருத்தாசலமெல்லாம் முன்னாடி வாங்க, தொழுதூர் அடுத்த வண்டி!" நடத்துநர் குரல் கொடுத்ததும் இரண்டு ஊர்களும் பை, மூட்டை, பிள்ளைகுட்டியோடு நகர்கின்றன. ஊரின் பெயர் ஆளுக்கு ஆகிவந்தால் இடவாகுபெயர். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் பேசிய சங்கதி. நன்னூலில் பவணந்தி முனிவர் ஆகுபெயரைப் பொருள், இடம், காலம் என்று தொடங்கி விரித்து அடுக்கினார். பள்ளியில் அந்த அடுக்கை மட்டும் ஒப்பித்துவிட்டு ருசியைக் கோட்டைவிடுகிறோம்.

பூக்காரம்மாவிடம் "ரெண்டு முழம் குடுங்கக்கா" என்றால் முழமே மல்லிகை: நீட்டலளவை. "பால வண்டியில ஏத்து" என்றால் ஏறுவது கேன்: தானியாகுபெயர். சாப்பாட்டுக் கடை இலையில் பொரியல், அவியல், துவையல். சமையல்காரர் செய்த வேலைகள் அப்படியே பண்டங்களாக உட்கார்ந்திருக்கின்றன. தொழிலாகுபெயர்களில் இதைவிடச் சுவையானது இருக்க முடியாது.

எனக்கு உசத்தி டீக்கடைதான். "மாஸ்டர், ரெண்டு ஸ்ட்ராங், ஒரு லைட்!" சொல் இங்கிலீஷ், இலக்கணம் சுத்தமான பண்பாகுபெயர். கண்ணாடி டம்ளர்களை ஏந்தி வரும் பையன் கூட்டத்தைப் பார்த்து, "சர்க்கரை கம்மி யாருண்ணே?" என்கிறான். இதை எந்த வகையில் சேர்ப்பதென்று பவணந்தியைத்தான் கேட்க வேண்டும். சர்க்கரை கம்மி அதற்குள் கையை உயர்த்திவிட்டார்.