எறிந்த தாளமும் ஈட்டிய ஞானமும்

ஜாஸ் இசை பயிலும் மாணவன் ஒருவனைப் பற்றிய ‘விப்லாஷ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் 2014இல் வெளிவந்து, மூன்று ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. நடிப்பிலும் படத்தொகுப்பிலும் அதன் சிறப்பை மறுப்பார் இலர். ஆயின், கலை கற்பித்தல் பற்றி அப்படம் முன்வைக்கும் வாதம் ஆசிரியர்கள் ஆராய்ந்து பார்த்தற்குரியது.

நியூயார்க் இசைக் கல்லூரி ஒன்றில் பிளெட்சர் என்பவர் ஆசிரியர். டிரம் பயிலும் ஆண்ட்ரூ மாணவன். தாளம் பிசகியதும் ஆசிரியர் நாற்காலியை வீசுகிறார், கன்னத்தில் அறைகிறார், பெற்றோரைச் சொல்லிப் பழிக்கிறார். இவற்றுக்கெல்லாம் அவர் காட்டும் சான்று சார்லி பார்க்கரின் கதை. இளம் பார்க்கர் பிழைபட வாசித்தபோது, ஜோ ஜோன்ஸ் என்னும் டிரம் கலைஞர் அவர் தலையை நோக்கித் தாளத்தட்டை எறிந்தாராம்; அந்த அவமானமே மேதையை உருவாக்கிற்றாம்.

உண்மை யாது? 1936இல் கான்சாஸ் நகரில் நடந்ததாகச் சொல்லப்படும் அந்நிகழ்ச்சியில் தட்டு தலையை நோக்கி வரவில்லை. காலடியில், தரையில் விழுந்தது. ‘போதும், நிறுத்து’ என்பதே அதன் பொருள். அப்போது பார்க்கர் பதின்ம வயதினர். அதற்கு முன்னரும் ஒருமுறை, பழகாத வேகத்தில் வாசிக்கத் துணிந்து நகைப்புக்கு ஆளாகி, அழுதுகொண்டே வீடு திரும்பியதையும், மூன்று மாதம் கருவியைத் தொடாதிருந்ததையும் அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். அவமானத்தின் நேர்ப்பயன் மூன்று மாத மௌனம் என்பதை நாம் மறத்தலாகாது.

அவர் கற்றது எங்ஙனம்? 1937ஆம் ஆண்டுக் கோடையில் ஓசார்க் மலைப்பகுதிக்கு ஓர் இசைக்குழுவுடன் சென்றார். லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவருடைய கற்பனைப் பகுதிகளைச் சுரம் பிசகாமல் தம் சாக்சபோனில் வாசித்துப் பழகினார். பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் இலக்கணத்தை மூத்த கலைஞர்களிடம் கேட்டறிந்தார். முதலில் கேள்வி, அடுத்துப் போலச்செய்தல், பின்னர் இலக்கணம், இறுதியிலேதான் சொந்தக் கற்பனை. ‘செரோக்கி’ என்னும் பாட்டின் சுரக்கூட்டுகளின்மேல் புத்திசை படைத்து, ‘கோ கோ’வை அவர் பதிவு செய்தது 1945 நவம்பரில். இடையே எட்டாண்டுகள் உருண்டோடிவிட்டன.

இவ்வெட்டாண்டைப் படம் காட்டவில்லை. ஆண்ட்ரூவின் கையில் குருதி வடிகிறது. ஆயின் பிறர் வாசிப்புக்குச் செவிகொடுத்து, அதற்கு மறுமொழியாக வாசிக்க அவனுக்கு எவரும் கற்றுத் தருவதில்லை. ஜாஸின் உயிர்நாடியோ அந்த உரையாடலே. எழுதிய இசையை வேகமாக அடிக்கும் ஆற்றலையே படம் மேதைமை என மயங்குகிறது.

பிளெட்சரின் பழைய மாணவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டதைப் படம் சொல்லாமல் விடவில்லை. எனினும், இறுதிக் காட்சியின் வெற்றி முழக்கத்தில் அவன் ஓலம் அமுங்கிவிடுகிறது. வென்றவன் ஒருவனைக் காட்டி முறையை மெச்சுவோர், வீழ்ந்தவனையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

கண்டிப்பு வேண்டாமென்று எவரும் கூறார். பிழையைப் பிழையென்று சொல்வது ஆசிரியர் கடமை. ஆனால், ‘நிறுத்து’ என்று சொல்வதோடு அக்கடமை முடிவதில்லை. எங்கிருந்து மீண்டும் தொடங்குவது என்று காட்டுவதே கற்பித்தல். பார்க்கருக்கு வழிகாட்டியது எறிந்த தட்டன்று; சுழன்ற இசைத்தட்டே.