பெயர்ப் பட்டியலும் டிக்கெட் காசும்

இசை விழா அறிவிப்பு ஒண்ணு வெளியானா போதும், போஸ்டரை வாட்ஸப்பில் அனுப்பி நண்பர்கள் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "இந்த லைன்அப்புக்கு இவ்வளவு காசு குடுக்கலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா, நான் எதை வச்சு முடிவு பண்றேன்னு இங்கே குறிச்சு வைக்கிறேன். என் அளவுகோல் தேனிப் பக்கத்துத் திருவிழா நோட்டீஸ்களில் இருந்து வந்தது. பெருநகர இசை விழாவை அதை வச்சு அளக்கலாமான்னு கேட்டா, அளக்கலாம் என்பதுதான் என் வாதம்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரங்களுக்கு லைன்அப் வாசிக்கிறது புதுசு இல்லை, டிக்கெட்தான் புதுசு. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு எந்த ஊர்த் திருவிழா நோட்டீஸை எடுத்தாலும் பாதி இடம் கலைநிகழ்ச்சிக்குத்தான். ஒரு நாள் கரகாட்டம், நையாண்டி மேளம். ஒரு நாள் இன்னிசைக் கச்சேரி. ஒரு நாள் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு வர்ற கூட்டத்தை எந்த ஸ்டேடியத்திலும் அடைக்க முடியாது. வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஆள் கிடையாது. ஆனா "இந்த வருசம் செட்டு சரியில்லப்பா" என்கிற விமர்சனம் மட்டும் தவறாம வரும். காசு குடுத்தவன் பேச்சு அது. எப்படிக் குடுத்தான் என்பதைப் பின்னால் சொல்றேன்.

யாரோடு யார்?

லைன்அப் என்பதை நம்ம ஆட்கள் எவ்வளவு நுட்பமா வாசிப்பாங்கன்னு தெரிஞ்சுக்க ஸ்பெஷல் நாடகத்தின் நோட்டீஸைப் பார்க்கணும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்த நாடகங்கள் இவை. இதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நாரதர், ஆர்மோனியம், மிருதங்கம்னு ஒவ்வொருத்தரையும் அந்த ஒரு ராத்திரிக்குத் தனித்தனியா பேசி வரவழைப்பாங்க. ஒத்திகை இல்லை. பல நேரம் அன்னைக்குச் சாயங்காலம்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறாங்க. அதனாலதான் நோட்டீஸில் ஒவ்வொருத்தர் படமும் பேரும் ஊரும் தனித்தனியா இருக்கும்.

ஊர்ப் பெரியவங்க அந்தப் படங்களை எண்ண மாட்டாங்க. யாருக்கு எதிரே யார் நிற்கிறாங்கன்னு பாப்பாங்க. வள்ளிக்கும் நாரதருக்கும் தினைப்புனத்தில் நடக்கிற தர்க்கம்தான் ராத்திரியின் உயிர். வள்ளி எவ்வளவு பெரிய பாடகியா இருந்தாலும், எதிரே நிற்கிற நாரதர் பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குக் கேள்வி குடுக்கலைன்னா பன்னிரண்டரை மணிக்கே பாயைச் சுருட்டிடுவாங்க. சேர்மானம் சரியா அமைஞ்சா, பேர் தெரியாத ரெண்டு பேர் விடியக்காலை வரைக்கும் ஊரையே உட்கார வச்சிடுவாங்க.

கர்நாடக இசை ரசிகர்களும் இதையேதான் செய்றாங்க. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாடு, அடுத்த வருசம் தொடங்கிய மியூசிக் அகாடமி, அதிலிருந்து வளர்ந்த மார்கழி சீசன் என்கிற வரலாறு பலருக்கும் தெரிஞ்சிருக்கும். அந்த சீசன் அட்டவணையை ஒரு பழைய ரசிகர் எப்படி வாசிக்கிறார்னு கவனிங்க. பாடகர் பேருக்கு அப்புறம் கண் நேரா வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் போகும். "பாட்டு சரி, பக்கவாத்தியம் யாரு?" என்பதும் நம்ம ஊர் நாரதர் கேள்வியும் ஒண்ணுதான்.

பெரிய மைதானக் கச்சேரிகளின் போஸ்டர் இந்த இடத்தில்தான் பலவீனமா இருக்கு. நடுவில் ஒரு பெரிய முகம், சுத்தி சின்னதா அஞ்சாறு பாடகர் முகம், அவ்வளவுதான். புல்லாங்குழல் யார், பேஸ் கிட்டார் யார், தபேலா யார்னு பெரும்பாலும் இருக்காது. பாட்டில் நாம உருகுற இடம் பாதிக்கு மேல இவங்க வாசிச்சது. பல குழுக்கள் வரிசையா ஏறி இறங்குற விழாக்களில் பிரச்சனை வேற. பத்துப் பேர் இருக்கும், ஆனா ஒருத்தரும் இன்னொருத்தரோட சேர்ந்து வாசிக்க மாட்டாங்க. அது பத்துத் தனிக் கச்சேரிகளின் கூட்டல் மட்டும்தான். அந்தப் பத்தில் எனக்கு வேண்டியது ரெண்டுன்னா, மீதி எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான் காசு குடுக்கிறேன்.

எத்தனை மணி நேரம்?

பட்டியல் பேர்களை எண்ணிக் காட்டும். நமக்குக் கிடைக்கிறதோ நிமிடங்கள். ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் காட்ட திருவையாறைவிட நல்ல உதாரணம் இல்லை. தியாகராஜ ஆராதனையில் ஒரே நாளில் பாடுறவங்க பட்டியலைப் பார்த்தா எந்த சபாவும் பொறாமைப்படும். ஆனா ஒருத்தருக்குக் கிடைக்கிறது கொஞ்ச நேரம்தான், மனசு ராகத்துக்குள்ள இறங்குறதுக்குள்ள அடுத்தவர் மேடைக்கு வந்துடுவார். கட்டணம் இல்லை, வந்தவங்க அஞ்சலி செலுத்த வந்தவங்க, அதனால அங்கே அது பொருத்தம். அதே அமைப்பை டிக்கெட் போட்டு வித்தா அது ஏமாற்று. மறுபக்கம், சீசனில் பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. பேர் தெரியாத இளைஞர் ஒருத்தர் ஒரு மணி நேரத்துக்கும் மேல நிதானமா பாடுவார். நிமிடக் கணக்குப் பார்த்தா சென்னையின் மிகச் சிறந்த லைன்அப் அதுதான்.

எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். 1969 ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் விழா உலகம் முழுக்கத் தெரிஞ்ச லைன்அப். மூணு நாளுக்கு முன்பதிவு டிக்கெட் 18 டாலர். வேலி விழுந்து கடைசியில் எல்லாருக்கும் இலவசம் ஆயிடுச்சு. நிறைவா வாசிக்க வேண்டிய ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடை ஏறினது திங்கட்கிழமை காலையில். வந்த லட்சக்கணக்கான பேரில் பெரும்பாலானவங்க அதுக்குள்ள வீட்டுக்குக் கிளம்பியிருந்தாங்க. அவங்க பார்த்த பட்டியலில் ஹென்ட்ரிக்ஸ் இருந்தார், கேட்ட கச்சேரியில் இல்லை.

டிக்கெட் என்பது பாதி விலை

கம்பத்திலிருந்து நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம் சென்னைக் கச்சேரிக்குப் போறதா வச்சுக்குவோம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டவை. டிக்கெட் ஆளுக்கு 1,500. கச்சேரி டிக்கெட் 500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி கிடையாது, அதைத் தாண்டினா 18 சதவீதம் (499 ரூபாய் டிக்கெட்டுகளின் ரகசியம் இதுதான்). ஆக டிக்கெட் மட்டும் 7,080. ராத்திரி பஸ் போக வர ஆளுக்கு 1,600 வீதம் 6,400. சாப்பாடு, ஆட்டோ, குளிச்சு உடை மாத்த ஒரு அறை 2,000. மொத்தம் 15,480. மூணு மணி நேரக் கச்சேரின்னா, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் 1,290 ரூபாய். இதில் டிக்கெட்டின் பங்கு பாதிகூட இல்லை.

அகல ரயில்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தின மதுரை–போடி வண்டி, தேனி வரைக்கும் திரும்பி வர 2022 மே ஆச்சு. 2023 ஜூனில்தான் போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் வந்தது, அதுவும் வாரத்தில் மூணு நாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரைக்கு முடியுற கச்சேரிக்கு நம்ம வசதிப்படி ரயில் இருக்காது. திங்கட்கிழமை கூலியோ, கடை வியாபாரமோ, பள்ளிக்கூடமோ போச்சு. சென்னைக்காரர் "வொர்த்" என்று சொல்ற அதே லைன்அப், கம்பத்துக்காரருக்கு ரெண்டு மடங்கு நல்லா இருந்தால்தான் வொர்த்.

விலை ஏறுறதுக்கு பேராசை மட்டும் காரணம் இல்லை என்பதையும் சொல்லிடணும். வில்லியம் பௌமால், வில்லியம் போவன் என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1966இல் ஒரு நூலில் விளக்கினாங்க: தொழிற்சாலையில் ஒரு ஆள் செய்ற உற்பத்தி வருசா வருசம் கூடும். ஆனா நாலு பேர் வாசிக்க வேண்டிய இசையை இன்னைக்கும் நாலு பேர் அதே நேரம் எடுத்துத்தான் வாசிக்கணும். வெளியே கூலி ஏறும்போது இவங்க கூலியும் ஏறணும், ஆனா செலவைக் குறைக்க வழி கிடையாது. அதனால உயிருள்ள இசையின் விலை மற்றதைவிட வேகமா ஏறும். நாப்பது பேர் ஆர்கெஸ்ட்ராவை மேடையில் உட்கார வச்சா அதுக்கான காசை நான் முணுமுணுக்காம குடுப்பேன். பதிவு பண்ணின டிராக்கை ஓடவிட்டு மேலே பாடினா குடுக்க மாட்டேன்.

கணக்கு யார் சொல்வார்?

2023 செப்டம்பர் 10, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்'. ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி. லைன்அப்பில் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா டிக்கெட் வாங்கின ஏராளமான பேர் உள்ளேயே போக முடியலை. நெரிசலில் குழந்தைகளோட மாட்டிக்கிட்டாங்க, மணிக்கணக்கில் சாலையில் நின்னாங்க. உள்ளே போக முடியாதவங்க டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி ரஹ்மானே பொதுவெளியில் கேட்டுக்கொண்டார், பணம் திருப்பித் தரப்பட்டது. வெளியே நின்னவருக்கு அந்த அருமையான லைன்அப்பின் மதிப்பு என்ன? பூஜ்யம். பட்டியலை மட்டும் வச்சு மதிப்பிடுறதில் இருக்கிற ஓட்டை இதுதான்.

இப்போ தலைக்கட்டு வரிக்கு வர்றேன். நம்ம பக்கத்துத் திருவிழாவின் டிக்கெட் அதுதான். வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டு வசூல் பண்ணி, அதில்தான் மேளமும் நாடகமும் வரும். திருவிழா முடிஞ்சதும் வரவு செலவு வாசிக்கணும். செட்டுக்கு எவ்வளவு, மைக்குக்கு எவ்வளவு, மீதி எவ்வளவுன்னு யார் வேணும்னாலும் எழுந்து கேட்கலாம். சரியில்லாத செட்டைப் பேசினவரை அடுத்த வருசம் வரைக்கும் டீக்கடையில் விட மாட்டாங்க. காசு வாங்கினவன் அதே தெருவில் குடியிருக்கான், அதனால பதில் சொல்லியே ஆகணும். ஆன்லைனில் டிக்கெட் வாங்குறவருக்கு இந்த உரிமை இல்லை. எத்தனை டிக்கெட் வித்தீங்க, இடம் எத்தனை பேருக்குன்னு அவர் யாரிடம் கேட்பார்?

இதோடு நிறுத்தினா 'அந்தக் காலத்தில் எல்லாம் நல்லா இருந்துச்சு' என்கிற கட்டுரை ஆயிடும். வரிக்கு இன்னொரு முகம் இருக்கு. யாரிடம் வரி வாங்குறாங்க என்பதுதான் ஊர் யாருடையது என்பதைச் சொல்லும். தலித் குடியிருப்பில் வரி வாங்காத ஊர்கள் உண்டு. ஒருத்தரை ஒதுக்கி வைக்கணும்னா முதல் வேலை அவர் வீட்டு வரியை வாங்காம விடுறது. வரி குடுக்காதவர் பாட்டைத் தூரத்தில் நின்னு கேட்கலாம், கணக்குக் கேட்க முடியாது. டிக்கெட்டுக்கு சாதி கிடையாது. 499 ரூபாய் குடுத்தவர் யாரா இருந்தாலும் அந்த நாற்காலி அவருடையது. இதைச் சின்ன விஷயம்னு நான் நினைக்கலை.

கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவில் இருக்கிற பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய பாவலர் வரதராஜனின் பாட்டு இந்த ரெண்டு வழியிலும் போகலை. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அவர் மலை மேல தோட்டத் தொழிலாளர்களிடம் பாடினார். கேட்டவங்க டிக்கெட்டும் வாங்கலை, வரியும் குடுக்கலை. அந்தச் சகோதரர்கள் பாட்டின் பள்ளிக்கூடம் அந்த மாதிரி மேடைகள்தான். அவர் தம்பி இளையராஜாவின் கச்சேரிக்கு இன்னைக்கு ஆயிரக்கணக்கில் டிக்கெட். அவரிடம் அந்தக் காசைக் கேட்காதேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மேடைகளில் நின்னு கேட்டவங்க பேரப்பிள்ளைகள் மதுரையிலாவது உட்கார்ந்து கேட்கிற விலையில் ஒரு வரிசை நாற்காலி இருக்கணும்னு கேட்பேன்.

என் தீர்ப்பு

போஸ்டரைப் பார்த்ததும் நான் கேட்கிறது மூணுதான். யாரோடு யார் வாசிக்கிறாங்க? எனக்கு வேண்டியவர் எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு? தப்பு நடந்தா பணத்தைத் திருப்பித் தர்றதா எழுத்தில் இருக்கா, யார் பேரில் இருக்கு? மூணில் ரெண்டுக்காவது அறிவிப்பிலேயே பதில் இருந்தால் மொத்தச் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒண்ணுக்கும் பதில் இல்லைன்னா எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் விட்டுடுங்க.

காசு ஒரு தடவைக்குத்தான் இருக்குன்னா, சென்னை மைதானத்தின் கடைசி வரிசைக்குப் பதிலா மார்கழியில் நாலு நாள் தங்கி மதியக் கச்சேரிகளைக் கேளுங்க. அதுவும் முடியாதவங்க, அடுத்த திருவிழாவுக்கு நாடகம் பேசும்போது கமிட்டியோடு உட்காருங்க. நல்ல நாரதரைக் கேளுங்க. அப்படியே, இத்தனை வருசமா வரி வாங்காத வீட்டில் இந்த வருசம் ஏன் வாங்கலைன்னும் கேளுங்க.