தொட்டவரும் தூக்கியவரும் கிடந்தவரும்

இந்திய நவீன மருத்துவத்தின் வரலாற்றை யார் எழுதினாலும் ஒரு காட்சியைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். வருடம் 1836. முந்தைய ஆண்டுதான் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரி. வைத்தியர் சாதியைச் சேர்ந்த பண்டிதர் மதுசூதன் குப்தா கையில் கத்தியை எடுத்து மனிதப் பிணத்தை அறுக்கிறார். பிணத்தைத் தொட்டால் சாதி போய்விடும் என்கிற பல நூற்றாண்டுப் பயம் அந்தக் கத்தியால் அறுபட்டதாம். வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கி மரியாதை செய்தார்கள் என்றும் சொல்வார்கள். பீரங்கி முழங்கியதா இல்லையா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. என் கேள்வி ரொம்பச் சின்னது. அந்தப் பொணத்தத் தூக்கியாந்து மேசையில போட்டது யாரு?

பிணம் தானாக நடந்து வந்து படுத்திருக்காது. வங்காளத்தில் பிணம் சுமப்பதும் எரிப்பதும் டோம் மக்கள்மேல் சுமத்தப்பட்ட வேலை. அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தொட்டவர்கள். ஆனால் வரலாறு சொல்கிறது: அதுவரை எந்த இந்தியரும் பிணத்தைத் தொடத் துணியவில்லை. இந்த வாக்கியத்தை நிறுத்தி வாசித்துப் பாருங்கள். இதில் டோம் இந்தியர் இல்லை. அவர் தொட்டால் அது சாதித்தொழில். குப்தா தொட்டால் அது புரட்சி.

இன்னும் பழம்பெருமை வேண்டுவோர் சுசுருத சம்ஹிதையைக் காட்டுவார்கள். பிணத்தைப் புல்லால் சுற்றி, கூண்டுக்குள் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவிட்டு, பிறகு தூரிகையால் தோலை அடுக்கடுக்காகத் தேய்த்து உள்ளே இருப்பதைப் பார்க்கச் சொல்கிறது அந்நூல். அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏழு இரவு ஆற்றங்கரையில் அழுகுகிற பிணத்துக்குக் காவல் இருந்தவன் யார், கூண்டை இறக்கி ஏற்றியவன் யார் என்று எந்தப் பெருமைக்காரரும் கேட்டதில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2021இல் கொல்கத்தாவின் நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பிணவறைக்கு ஆறு ஆய்வக உதவியாளர் இடங்கள் அறிவிக்கப்பட்டன. ஏறக்குறைய 8000 பேர் விண்ணப்பித்தார்கள். அதில் பட்டதாரிகள் உண்டு, பொறியாளர்கள் உண்டு. ‘டோம் வேலைக்குப் பொறியாளர்கள்’ என்று பத்திரிகைகள் அதிர்ச்சியடைந்தன. ஒரு சாதியின் பெயர் ஒரு வேலையின் பெயராகவே இருப்பது அதிர்ச்சியாகப் படவில்லை. அதே கல்லூரிக்குத்தான் 2024இல் முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் உடல் தானமாக வந்தது. நல்ல காரியம், அதை மதிக்கிறேன். தலைவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த அறைக்குள்ளே உடலைப் பதப்படுத்துகிறவரின் பெயர் யாருக்காவது தெரியுமா?

எனக்கு அப்படி ஒருவர் பெயர் தெரியும். எங்க பெரியப்பா. ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் அட்டெண்டராக இருந்தே ஓய்வு பெற்றவர். பிணத்துக்கு முடி மழிக்கிறது, தொடைத் தமனியில் ஃபார்மலின் ஏத்துறது, தொட்டியில் அமுக்கி வைக்கிறது, பாடம் முடிஞ்சு மிஞ்சினதைப் பொறுக்கிக் கட்டுறது, எலும்பைச் சுத்தம் பண்ணி அடுக்குறது – எல்லாம் அவர் சோலி. பரீட்சைக்கு முந்தின நாள் பையன்கள் தேடி வருவார்களாம். ‘அண்ணே, இந்த எலும்பு வலதா இடதா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?’ சொல்லிக் கொடுப்பார். துறையின் ஆண்டுமலரில் பேராசிரியர் தொடங்கித் தட்டச்சர் வரை பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்தால் கண்ணெரிச்சல் தீராது. மருந்து நெடி சட்டையை விட்டுப் போகாது. கற்பித்தல் என்று பல்கலைக்கழகம் எதைச் சொல்கிறதோ அதில் பாதி இப்படி நடந்தது.

தூக்கியவர் கதை இப்படி. கிடந்தவர் கதைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் 1752ஆம் ஆண்டுச் சட்டப்படி தூக்கிலிடப்பட்ட கொலைக் குற்றவாளியின் உடல்தான் அறுவைக்குப் போனது. அது தண்டனையின் ஒரு பகுதி. உடல்கள் போதவில்லை. கல்லறைத் திருட்டு பெருகியது. எடின்பரோவில் 1828இல் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். இதன் பிறகு 1832இல் வந்த உடற்கூறியல் சட்டம், ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் செத்து யாரும் கேட்டு வராத உடல்களை எடுத்துக்கொள்ள வழி செய்தது. நேற்றுவரை கொலைகாரனுக்குக் கொடுத்த தண்டனை அன்றுமுதல் ஏழைக்கு. அந்தச் சட்டத்தின் வழித்தோன்றல்தான் 1951இல் சென்னை மாகாணத்தில் வந்த உடற்கூறியல் சட்டம். இன்றும் இருக்கிறது. ‘உரிமை கோரப்படாத உடல்’ என்பது அதன் மையச் சொல். இதில் ஒரு வேடிக்கை: நமக்கு முன்மாதிரி தந்த இங்கிலாந்து, 2004ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டத்தின்படி, உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் எந்த உடலையும் அறுவைப் பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று மாறிவிட்டது.

உரிமை கோரப்படவில்லை என்றால் உறவு இல்லை என்றா அர்த்தம்? உடலைக் கேட்டு வாங்கச் சேதி தெரிய வேண்டும், வண்டிக்குக் காசு வேண்டும், எடுத்துப் போகப் பாதை வேண்டும், புதைக்க இடம் வேண்டும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்தில் இருந்தது. சொந்தபந்தம் கூட நின்று உரிமை கோரிய பிணத்துக்கே இந்தக் கதி. ஊர் விட்டு ஊர் வந்து கட்டடவேலை பார்த்து ஆஸ்பத்திரி வராந்தாவில் செத்தவனுக்கு யார் வந்து கையெழுத்துப் போடுவது? அநாதைப் பொணம்னு எதுவும் இல்ல. அநாதையாக்கப்பட்ட பொணம்தான் இருக்கு.

நம் கதைக்கு அமெரிக்கக் கறுப்பர்களிடம் ஒரு சோடி உண்டு. 1852இல் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் சார்ல்ஸ்டன் அடிமைச் சந்தையில் கிராண்டிசன் ஹாரிஸ் என்பவரை விலைக்கு வாங்கினார்கள். அகஸ்டா நகரில் கறுப்பர்களின் கல்லறைத் தோட்டமான செடார் குரோவில் ராத்திரியில் பிணம் தோண்டி எடுத்து வருவது அவர் வேலை. மரண அறிவிப்புகளை வாசிப்பதற்காக அவருக்கு எழுத்தறிவும் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்டவனைக் கொண்டே ஒடுக்கப்பட்டவனின் குழியைத் தோண்டினார்கள். 1989இல் பழைய கல்லூரிக் கட்டடத்தின் நிலவறையில் ஏறக்குறைய 10,000 எலும்புகள் வெளிப்பட்டன. முக்கால்வாசிக்கு மேல் கறுப்பர்களுடையவை. 1998இல் அதே செடார் குரோவில் புதைத்தார்கள். யார் எலும்பு எது என்று பிரிக்க முடியவில்லை.

நம்மூரிலும் இப்போது மரியாதை பேசுகிறார்கள். 2019இல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டத்தில் ‘பிணமே நம் முதல் ஆசிரியர்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. மாணவர்கள் வெள்ளைக்கோட்டோடு நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள், பூப் போடுகிறார்கள். மக்களிடம் உடல்தான விழிப்புணர்வு முகாம் நடத்துகிறார்கள். தானம் கொடுத்த குடும்பத்துக்குச் சால்வை, சான்றிதழ். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்தவருக்குத்தான் நன்றி. எடுக்கப்பட்டவருக்கு யார் பதில் சொல்வது? முதல் ஆசிரியரின் பெயரை எந்த மாணவரும் கேட்கவில்லையே.

கேட்டால் முடியும் என்பதற்குக் கேப்டவுன் சாட்சி. அங்கே பல்கலைக்கழகம் தன் எலும்புத் தொகுப்பின் பழைய ஆவணங்களை 2017இல் சரிபார்த்தபோது, அறமற்ற முறையில் வந்த 11 எலும்புக்கூடுகள் இருப்பது தெரிந்தது. அதில் 9 சதர்லாந்து பகுதியில் பண்ணையடிமைகளாக உழைத்துச் செத்த சான், கோய் மக்களுடையவை. கார்னீலியஸ் ஆபிரகாம், கிளாஸ் ஸ்டூர்மன் என்று பெயர்களும் கிடைத்தன. பல்கலைக்கழகம் சந்ததியாரைத் தேடிப் போனது. என்ன ஆராய வேண்டும் என்பதில் அவர்களும் பேசினார்கள். முகங்களை மீட்டு வரைந்தார்கள். 2023 நவம்பரில் ஒன்பது பேரும் சதர்லாந்து மண்ணுக்குத் திரும்பினார்கள். ஆய்வு, கற்பித்தல், மக்கள் தொடர்பு என்று அறிக்கைகளில் அச்சிடுகிறார்களே, அந்த மூன்றும் ஒன்றாக நடந்தால் இப்படித்தான் இருக்கும்.

நம் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு உடற்கூறியல் துறையும் எடுத்துக்கொண்ட உடல்களின் பதிவேட்டை மக்கள் பார்க்கும்படி வைக்கட்டும்: எந்த மருத்துவமனை, எந்தத் தேதி, என்ன பெயர், உறவினரைத் தேட என்ன செய்தார்கள், மிச்சத்தை எங்கே புதைத்தார்கள். தொட்டியருகே நிற்கிறவருக்குப் பாதுகாப்பும், துறைப் பலகையில் பெயரும் கொடுக்கட்டும். சம்மதம் தந்தவரின் உடலே போதும் என்கிற நிலைக்குச் சட்டம் வரட்டும். மருத்துவக் கல்லூரிக்குள் நம் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். மேசையின் இந்தப் பக்கம் நிற்கிற அவர்கள்தான் முதலில் அந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும்.