மின்சாரம் கேட்காத பெட்டி

இசைத்தட்டை வாசிக்கும் டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் 1960களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவானது. ஊசியோடு அசையும் அதன் நுண்ணிய கம்பிச்சுருள் தருவது வெறும் 0.3 மில்லிவோல்ட். நடுவில் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால், சாதாரண ஃபோனோ ஆம்ப்ளிஃபயருக்கே போதுமான அளவு, ஏறக்குறைய 3 மில்லிவோல்ட் கிடைக்கும். டிரான்சிஸ்டர் வேண்டாம், மின் இணைப்பும் வேண்டாம். ஒரு காந்த உள்ளகமும் செம்புச் சுற்றுகளும் போதும். இந்த எளிமைக்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் விகிதத்தில் பேராசை கூடாது. ஆம்ப்ளிஃபயரின் 47,000 ஓம், விகிதத்தின் வர்க்கத்தால் வகுபட்டு, 1:10இல் கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரிகிறது. 1:40 என்றால் அது 30 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். டிஎல்-103இன் 40 ஓம் சுருளிலேயே பாதிக்குமேல் சிக்னல் கரைந்துபோகும்.

டிரான்ஸ்ஃபார்மரை, காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூமெட்டல் உறையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இசைத்தட்டைச் சுழற்றும் மோட்டாரை விட்டுத் தள்ளி வையுங்கள், இரைச்சல் அண்டாது.