1636இன் ஒற்றைக் குரல்: ஹைன்ரிஷ் ஷூட்ஸின் இசையும் ‘பரோக்’ வரையறையும்

பரோக் கலை என்றதும் பிரமாண்டம், பொன்னொப்பனை, உணர்ச்சிப் பெருக்கு ஆகியவற்றையே பாடநூல்கள் முதற்கண் அடுக்குகின்றன. இதற்குச் சான்றுகளும் பல. 1636இல் இலண்டன் வைட்ஹால் அரண்மனையின் விருந்து மண்டபக் கூரையில் ரூபன்ஸின் ஒன்பது ஓவியங்கள் பொருத்தப்பட்டன. மன்னர் முதலாம் ஜேம்ஸின் புகழைப் பேசும் அவ்வோவியங்கள் இவ்வரையறைக்கென்றே தீட்டப்பட்டவை போலத் தோன்றும். அதே ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹைன்ரிஷ் ஷூட்ஸின் (1585–1672) ‘சிறு ஆன்மிகக் கன்செர்ட்டோக்கள்’ என்னும் தொகுப்பின் முதற்பகுதி அச்சேறியது. ஒருவர் முதல் ஐவர் வரை பாடுவதற்குரிய பாடல்கள் அவை. துணைக்கு ஆர்கன் முதலிய கருவிகளில் ஒலிக்கும் தொடர் அடிச்சுரம் மட்டுமே. இவ்விரண்டையும் ஒரே பெயரால் சுட்டும் வரையறை எதனைக் காணாது விடுகிறது என்பது ஆராயத்தக்கது.

ஷூட்ஸ் பிரமாண்டம் அறியாதவர் அல்லர். இளமையில் வெனிஸ் சென்று ஜியோவான்னி கப்ரியேலியிடம் பயின்றவர். 1619இல் அவர் வெளியிட்ட ‘தாவீதின் சங்கீதங்கள்’ 26 படைப்புகளைக் கொண்டது. பாடகர் குழுக்கள் பல ஒன்றற்கொன்று எதிர்நின்று விடையிறுக்க, கருவிகளும் உடன் முழங்கும் இசை அது. அன்று அவர் பணியாற்றிய டிரெஸ்டன் அரசவை அத்தகைய செலவைத் தாங்க வல்லதாயிருந்தது. முப்பதாண்டுப் போரில் (1618–1648) சாக்சனி 1631இல் நேரடியாக இறங்கிய பின் நிலை மாறிற்று. 1635இல் சாக்சனி பேரரசருடன் உடன்பாடு கண்டதும், அதுவரை நட்புப் படையாயிருந்த சுவீடன் படை பகைப் படையாயிற்று. அரசவை இசைக்குழு மெலிந்தது. தொடரும் போரால் இசைக்கலை நலிவுற்றதையும் சில இடங்களில் அடியோடு அழிந்ததையும் ஷூட்ஸே 1636ஆம் ஆண்டுத் தொகுப்பின் முன்பகுதியில் எடுத்துரைக்கிறார்.

இவ்வாக்குமூலத்தைக் கொண்டு போரே இவ்வடிவத்தைப் படைத்தது எனக் கூறிவிடுதல் எளிது. அது பொருந்தாது. சில குரல்களும் தொடர் அடிச்சுரமும் கொண்ட ஆன்மிக கன்செர்ட்டோவை இத்தாலியில் லோடோவிகோ வியாடானா 1602இலேயே அச்சிட்டுப் பரப்பியிருந்தார். கையிலிருந்த வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு போர் ஷூட்ஸை நெருக்கியது என்பதே சரி. அந்நெருக்கடிக்குள் அவர் செய்தது என்ன என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டியது. ‘வறுமையின் விளைவு’ என்னும் விளக்கத்தோடு நின்றுவிடும் எழுத்துகள் இவ்வினாவைக் கேட்பதேயில்லை.

தொகுப்பின் முதற்பாடலே விடை தருகிறது. தன்னைக் காக்க விரைந்து வருமாறு இறைவனை வேண்டும் சங்கீதம் அது. ‘சொற்பொழிவு நடையில்’ என்னும் குறிப்பை ஷூட்ஸ் அதற்கு இட்டிருக்கிறார். பாடுபவர் ஒருவரே. அடிச்சுரம் நீண்டு நிற்க, அதன்மேல் குரல் பேச்சின் அசையழுத்தத்தைப் பற்றிக்கொண்டு நகர்கிறது. ஓரிடத்தில் விரைகிறது, ஓரிடத்தில் தயங்குகிறது. இச்சங்கீதத்தில் பகைவர் எள்ளி நகையாடும் கூச்சலும் வருகிறது. 1619ஆம் ஆண்டு முறையில் அமைத்திருந்தால் அக்கூச்சலை எதிர்நிற்கும் மற்றொரு குழுவிடம் ஒப்படைத்திருக்கலாம். இங்கு அதற்கு வழியில்லை. இரந்து நிற்கும் அதே வாய் தன்னை இகழும் ஒலியையும் எழுப்பியாக வேண்டும். பகைவர் வெளியே நிற்பவராக அன்றி, அஞ்சுபவரின் நினைவில் ஒலிப்பவராக மாறிவிடுகின்றனர். பாடகர் பற்றாக்குறையால் நேர்ந்த ஒன்று பொருளின் ஆழமாக ஆகிவிடும் இடம் இது. ரூபன்ஸின் கூரை முழுதும் தேடினும் இத்தகைய உள்முரண் அகப்படாது என்பது என் கருத்து. அரசப் புகழ்ச்சியின் தேவையும் அது அன்று.

வெஸ்ட்பாலிய உடன்படிக்கைக்குப் பின், 1650இல், ‘புனித இசைகள்’ மூன்றாம் பகுதி வெளிவந்தது. பெருங்குழு இசை அதில் மீண்டு வந்தது என்பர். அது பாதி உண்மையே. அதிலுள்ள ‘சவுலே, சவுலே’ என்னும் படைப்புக்கு ஆறு தனிக்குரல்கள், இரண்டு வயலின்கள், இரண்டு பாடகர் குழுக்கள் வேண்டும். ஆயினும் அது முழக்கத்தோடு தொடங்குவதில்லை. மிகத் தாழ்ந்த இரு குரல்கள் அப்பெயரை அழைக்கின்றன. பிறகு அதனினும் உயர்ந்த இரு குரல்கள், அதன்பின் மேலும் இரண்டு, வயலின்கள். இவற்றுக்குப் பிறகே குழுக்களின் பேரொலி. முடிவிலோ அழைப்பு படிப்படியாகத் தேய்ந்து எதிரொலியாக மறைகிறது. கையில் பெரும்படை இருந்தும் இருவரைக் கொண்டு தொடங்கும் துணிவை 1619ஆம் ஆண்டின் ஷூட்ஸிடம் காண்பது அரிது.

எண்பதாம் வயதை ஒட்டி அவர் இயற்றிய லூக்கா, யோவான், மத்தேயு பாடுகளின் இசையில் கருவிகளே இல்லை. அதற்குப் போர் காரணமன்று. தவக்காலத்தில் கருவியிசையை விலக்கும் டிரெஸ்டன் அரசவையின் வழிபாட்டு மரபே காரணம்.