போலோ ஜிடி டிஎஸ்ஐ: முதலில் ஷாக், அப்புறம்தான் ஸ்பிரிங்

போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எந்த லோயரிங் ஸ்பிரிங் போடலாம்?" என்பதுதான். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே தெரியும் அந்த இடைவெளி அவர்கள் கண்ணை உறுத்துகிறது, என் கண்ணையும்தான். ஆனால் வேலையை ஸ்பிரிங்கிலிருந்து தொடங்கினால், கையிலிருக்கும் பணம் வண்டிக்குப் பயன்படாத இடத்தில் கரைந்துவிடும். ஓடித் தேய்ந்த ஹாட் ஹேட்ச்சுக்கு முதல் செலவு ஷாக் அப்சார்பர்.

2013-இல் இந்த வண்டி 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ், 175 என்எம், 7 கியர் டிஎஸ்ஜி என்று வந்தது. 2020-இல் அதன் இடத்துக்கு 110 பிஎஸ் தரும் 1.0 லிட்டர் இன்ஜின் வந்தது. 2022-இல் புனே அருகே சக்கன் ஆலையில் போலோ உற்பத்தியே நின்றுவிட்டது. ஆக, ரோட்டில் ஓடும் போலோ எதுவும் இன்று புது வண்டி இல்லை. இன்ஜின் இன்னும் துடிப்பாக இழுக்கிறது. ஆனால் கீழே ஷாக் பலம் இழந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் தினமும் ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை.

பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது போதாது. அப்படிப் பார்த்தால் முழுக்கச் செத்துப்போன ஷாக் மட்டுமே மாட்டும். பாதி தேய்ந்தது தப்பித்துவிடும். வேகத்தடை இறங்கியதும் பின்பக்கம் இரண்டாவது முறை எழும்புகிறதா, சேலம் நெடுஞ்சாலையில் பால இணைப்புகளைத் தாண்டும்போது முன்பக்கம் ஒரு நொடி மிதக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு சுற்று தடவுங்கள். மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்பட்டால், அந்தச் சக்கரம் ரோட்டைத் தொட்டுத் தொட்டுக் குதித்திருக்கிறது என்று அர்த்தம். ஷாக் உடலில் லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம். எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் கதை முடிந்தது.

மூன்று விதமாகத் தயார் செய்த போலோக்களைக் கோவை நகரத்திலும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டினேன். ஒன்றில் பழைய கம்பெனி ஷாக், அதன்மேல் லோயரிங் ஸ்பிரிங் மட்டும். இரண்டாவதில் பில்ஸ்டீன் பி6 ஷாக், கம்பெனி ஸ்பிரிங். மூன்றாவதில் பில்ஸ்டீன் பி8, அதோடு ஐபாக் ப்ரோ-கிட் ஸ்பிரிங்.

முதல் வண்டி நிற்கும்போது மூன்றிலும் அழகு. ஓடும்போது மூன்றிலும் மோசம். காரணம் எளிமையானது. ஸ்பிரிங் வாங்கி வைக்கும் சக்தியை வெப்பமாக்கிக் கரைப்பதுதான் ஷாக்கின் வேலை. ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பானால், அதே அளவு அடக்கம் வேண்டுமென்றால் ஷாக்கின் பிடியும் ஏறக்குறைய 10 சதவீதம் கூட வேண்டும். தேய்ந்த ஷாக்கிடம் பழைய ஸ்பிரிங்குக்குத் தேவையான பிடியே இல்லை. புது விறைப்பை அது எப்படி அடக்கும்? போதாக்குறைக்கு, உயரம் குறைந்த அளவுக்குச் சக்கரம் மேலே எழும்ப இடமும் குறைகிறது. உதாரணத்துக்கு, பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும் முன் 60 மி.மீ. இடம் இருந்தது, 30 ஆகிவிட்டது என்று வையுங்கள். அந்தப் பாதி இடத்துக்குள் அதே குலுக்கலை ஸ்பிரிங் மட்டும் வாங்க வேண்டுமென்றால் அது நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். எந்த லோயரிங் ஸ்பிரிங்கும் அப்படி வருவதில்லை. அதனால் குழி வரும்போதெல்லாம் வண்டி பம்ப் ஸ்டாப் மேல் போய் விழுகிறது. உக்கடம் பக்கம் ஒரு சாதாரணக் குழியில் இறங்கியபோது ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்த அடி, "ஸ்போர்ட்டி" என்று சொல்லிச் சமாதானம் ஆகக்கூடியது அல்ல.

பி6 போட்ட வண்டியில் உயரம் மாறவே இல்லை. பார்க்கிறவர் எந்த வித்தியாசமும் கண்டுபிடிக்க மாட்டார். ஆழியாறு தாண்டி மூன்றாவது வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் மூக்கு சரேலென்று குத்துவதில்லை. அளந்து இறங்கி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உடல் சாய்கிறது, ஆனால் ஒரே மூச்சில் சாய்ந்து அங்கேயே நிலைக்கிறது. சாய்ந்து, திரும்பி, மறுபடி ஆடுகிற அந்த மூன்றாவது அசைவு காணாமல் போய்விட்டது. வளைவின் நடுவில் தார் பெயர்ந்த இடம் வந்தபோதும் முன் சக்கரம் கோடு விலகவில்லை. பவரைச் சீக்கிரம் கொடுக்க முடிந்தது. உள்பக்கச் சக்கரம் சுழன்று வீணாவதும் குறைந்தது.

பி6 ஒற்றைக் குழாய் ஷாக். எண்ணெயும் உயர் அழுத்த வாயுவும் ஒரே குழாயில் இருக்கின்றன; நடுவே மிதக்கும் பிஸ்டன் இரண்டையும் பிரிக்கிறது. எண்ணெயில் நுரை கட்ட வழியில்லை, சூடும் நேராக வெளிக்காற்றுக்குப் போய்விடுகிறது. இரட்டைக் குழாய் ஷாக் நீண்ட மலைப்பாதையில் களைத்துப்போகும் இடத்தில் இது தாக்குப்பிடிப்பது அதனால்தான். கொடுக்க வேண்டிய விலை, நகரத்தில் குறைந்த வேகத்தில் தெரியும் இறுக்கம். ரோட்டின் சின்னச் சின்ன ஒட்டுகளெல்லாம் இருக்கைக்கு வந்து சேரும். பின் இருக்கையில் வயதானவர்கள் தினமும் ஏறும் வண்டியென்றால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு பில்ஸ்டீனின் பி4 போதும். வண்டி புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அதற்குத் திரும்பிவிடும். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால், கோனி ஸ்பெஷல் ஆக்டிவ் வகையின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வேகமான சிறு அதிர்வுகளில் தளர்ந்தும், உடல் மெதுவாகச் சாயும்போது இறுகியும் நடக்கும் வால்வு அதில் இருக்கிறது.

மூன்றாவது வண்டிதான் மனதைக் கலைத்தது. பி8 என்பது குறைந்த உயரத்துக்கென்றே நீளம் சுருக்கிய பி6. ப்ரோ-கிட் ஸ்பிரிங்கும் அதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தி நடக்கின்றன. திருப்பிய நொடியில் வண்டி திரும்புகிறது, அடுத்தடுத்த இரண்டு வளைவுகளுக்கு நடுவே தடுமாற்றமே இல்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்ததும் வேகத்தடைகள். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அந்த அளவில் கட்டியிருந்தால் இந்த வண்டி சிரமமில்லாமல் தாண்டும். தெருக்களில் இருப்பதோ ஒன்றரை அடி அகலத்தில் செங்குத்தாக எழும்பும் சிமென்ட் கட்டை. நான்கு பேர் ஏறினால் குறுக்காகச் சாய்த்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது.

ஸ்பிரிங் வாங்கியே தீருவேன் என்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் '30 மி.மீ. குறையும்' என்ற கணக்கு ஐரோப்பிய போலோவுக்கானது. இங்கே விற்ற வண்டி அதைவிட உயரமானது. அதனால் குறைவதும் அதிகமாகத்தான் இருக்கும். அடுத்து, முன் அச்சின் எடை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஸ்பிரிங் எண் வேறு. டீசல் ஸ்பிரிங்கைப் பெட்ரோல் வண்டியில் மாட்டினால் மூக்கு தூக்கி நிற்கும்.

இன்னும் கீழே இறக்கினால் நன்றாகத் திரும்பும் என்ற நம்பிக்கையும் தவறு. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சரிந்துவிட்டால், எடையின் மையம் இறங்குவதைவிட வேகமாக வண்டி சாயும் மையம் இறங்கிவிடும். சாயவைக்கும் விசைக்கு நெம்புகோல் நீளமாகிறது. ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டும் அளவுக்கு நான் இறக்கச் சொல்வதில்லை.

என் தேர்வு பி6, கம்பெனி ஸ்பிரிங்கோடு. தனியாக ஓட்டி, வார இறுதியில் மலை ஏறுகிறவருக்கு பி8, ப்ரோ-கிட். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்துத் தீர்ப்பளித்திருக்கிறது. உயரத்தைத் தொடும் முன் அதையும் இன்சூரன்ஸையும் யோசியுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். பழைய மவுண்ட்டில் புது ஷாக் போட்டால் கடகட சத்தத்துக்காக எல்லாவற்றையும் திரும்பவும் கழற்ற வேண்டும். ஷாக் தண்டின் மேல் நட்டை ஏர் கன் வைத்து முறுக்க விடாதீர்கள். தண்டு சுழன்று உள்ளே சீல் அடிபடும். லோயர் ஆர்ம், பின் பீம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வேலைக்கு முன்பும் பின்பும் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் படிந்து உட்கார்ந்தபின் அலைன்மெண்ட் பாருங்கள். ஸ்பிரிங் மாற்றியிருந்தால் ஹெட்லைட் மட்டத்தையும் கூடவே சரிசெய்ய வேண்டும். பின்பக்கம் கூடுதலாக இறங்கியிருந்தால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.