அழாத பிள்ளையின் துயரம்
மஜீத் மஜீதியின் ‘பெதர்’ திரைப்படத்தை முன்வைத்து

மஜீத் மஜீதி என்றதும் நம்மவர் பலருக்கும் நினைவில் வருவது 1997இல் வெளியான ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ படம்தான். அதற்கு முந்திய வருடம் வந்த ‘பெதர்’ (தந்தை) நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படவில்லை. வாப்பாவை இழந்த பிள்ளையைப் பற்றி எழுத நினைக்கும் எவரும் பார்க்க வேண்டிய படம் இது.

தகப்பன் விபத்தில் இறந்தபின், பதினான்கு வயது மெஹ்ருல்லா குடும்பத்தைத் தாங்கத் தெற்கே ஒரு நகருக்கு வேலைக்குப் போகிறான். உழைத்த காசோடும், தாய்க்கும் தங்கைகளுக்கும் வாங்கிய பொருட்களோடும் ஊர் திரும்பினால், தாய் ஒரு பொலிஸ்காரரை மறுமணம் செய்திருக்கிறாள்.

இந்த இடத்தில் நமது கதாசிரியர் ஒருவர் பிள்ளையை அழவிட்டிருப்பார். மஜீதி அவனுக்குக் கோபத்தைக் கொடுக்கிறார். வீட்டைச் சுமக்கப் போனவன் தானே அவ்வீட்டின் தகப்பனாகிவிட்டான். இப்போது அந்த இடத்தில் இன்னொருவர் இருக்கிறார். இறந்தவரை அவன் இரண்டாம் முறையும் இழக்கிறான். சிற்றப்பனின் துப்பாக்கியைத் திருடிக்கொண்டு அவன் ஓடுவதை வெறும் முரட்டுத்தனமாகக் கொள்ள முடியாது. அழ நேரம் கிடைக்காத துயரம் அது.

அந்தப் பொலிஸ்காரர் கொடியவரல்லர். மறுமணம் செய்த தாயும் குற்றவாளியாகக் காட்டப்படவில்லை. வெறுக்கத் தக்க ஒருவரும் இல்லாதபோது பிள்ளையின் வெறுப்பு எங்கே போகும்? படத்தின் கனதியே இக்கேள்வியில்தான் இருக்கிறது.

பாலைவனத்தில் தாகத்தால் விழுந்த சிற்றப்பனைப் பையன் நீரோடைவரை இழுத்து வருகிறான். அவரது பையிலிருந்த குடும்பப் படம் நீரில் மிதந்து அவனை நோக்கி வருகிறது. அழகான முடிவுதான். ஆயினும் எனக்கொரு குறை உண்டு. மறுமணத்தைத் தீர்மானித்த தாய்க்கு இந்த இணக்கத்தில் பங்கில்லை. படத்தில் ஓர் உருவமாக மட்டுமே அவள் மிதக்கிறாள். அவளது துயரை மஜீதி போதியளவு கேட்கவில்லை என்பேன்.

நமது சிறுகதைகளில் எத்தீம் பிள்ளை பெரும்பாலும் இரக்கம் பெறுவதற்காகவே வருகிறான். பெருநாள் உடுப்புக்கு ஏங்குவான், யாரோ தலையைத் தடவுவார்கள், கதை முடிந்துவிடும். அவன் கல்லெறிவதையும் பொய் சொல்வதையும் தாயோடு பேச மறுப்பதையும் எழுத நாம் தயங்குகிறோம். தலையைத் தடவும் கையைத் தட்டிவிடும் பிள்ளையையும் நாம் எழுத வேண்டும். அவனும் எத்தீம்தான்.